கையுறையும் ஹெல்மெட்டும் கொடுத்தாச்சு, இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்புக்கான ஆராய்ச்சி, புதுமை என்று ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். யோசனை கொடுத்தால் பரிசு. ஹெல்மெட், கையுறை, ஷூ எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாச்சு. விபத்து நடப்பது ஆள் கவனமில்லாமல் இருப்பதால்தானே? இதில் ஆராய என்ன இருக்கிறது?"

முதலில் ஒரு சின்ன விஷயம். டிரில்லிங் மெஷினில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான் கையுறை கொடுத்திருக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே கழற்றச் சொல்லிவிடுங்கள். சுற்றுகிற பிட் கையுறையின் ஒரு நூலைப் பிடித்தால் போதும், விரலையும் மணிக்கட்டையும் சேர்த்துச் சுருட்டிவிடும். வெறுங்கை என்றால் பெரும்பாலும் தோல் கிழிவதோடு போகும். ஆக, "எல்லாருக்கும் கையுறை கொடுத்தாச்சு" என்கிற வரியிலேயே ஆராய வேண்டியது ஒன்று ஒளிந்திருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எனக்கு உறுத்தியது "ஆள் கவனமில்லாமல் இருப்பதால்தானே" என்ற அந்த அரை வரிதான். குறை சொல்லவில்லை. நானும் அதை நம்பியவன், நம்பியதோடு நிற்காமல் அதில் கையெழுத்தும் போட்டவன்.

பாதுகாப்பு டிப்ளமோ எல்லாம் படிப்பதற்கு முன்னால் கோவைப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். மோட்டாருக்குத் தகடு வெட்டும் பவர் பிரஸ்கள், எல்லாம் பழைய சாவி கிளட்ச் வகை. காலால் பெடலை மிதித்தால் சுற்றுகிற சக்கரத்தை ஓர் உலோகச் சாவி பிடிக்கும், வெட்டும் பஞ்ச் ஒருமுறை இறங்கி ஏறும், அதுதான் ஒரு ஸ்ட்ரோக். ஓர் இரவு ஷிஃப்டில் ஒரு பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு விபத்து அறிக்கையை நிரப்ப உட்கார்ந்தேன். அதில் "காரணம்" என்று ஒரு கட்டம், இரண்டு விரற்கடை அகலம் இருந்தால் அதிகம். "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத அங்கே இடமில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தப் பையன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நான் பெடலை மிதிக்கவே இல்லண்ணா." எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து டூல் ரூம் ஆள் ஒருவர் அதே மெஷினில் டை (தகடு வெட்டும் அச்சு) மாற்றிவிட்டுச் சும்மா ஓட்டிப் பார்த்தார். ஒரு மிதிக்கு இரண்டு முறை அடித்தது. பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், "டபுள் அடிக்குது" என்பார்கள். கழற்றிப் பார்த்தால் கிளட்ச் சாவியை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்து கிடந்தது, சாவியின் முனையும் மழுங்கியிருந்தது. முதல் ஸ்ட்ரோக் முடிந்து ஏறிய பஞ்ச் மேலே நிற்காமல் மறுபடி இறங்கியிருக்கிறது, பையன் வெட்டிய பீஸை எடுக்கக் கை நீட்டிய அந்த நொடியில். பெடலை அவன் இரண்டாவது முறை மிதிக்கவே இல்லை. என் அறிக்கை மட்டும் கோப்பில் அப்படியே இருந்தது, கவனக்குறைவு என்று.

வேலையிடப் பாதுகாப்பில் ஆராய்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கட்டம்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் கட்டத்தில் எழுதியதை நம்ப மறுப்பதுதான் இதில் முதல் வேலை. கருவி, சென்சார், ரோபோ எல்லாம் அதற்கு அப்புறம்.

ஆள்மேல் பழி போடும் பழக்கத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்த ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்பவர் 75,000 விபத்துப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து 1931இல் ஒரு கணக்குச் சொன்னார். 88 சதவீதம் ஆட்களின் ஆபத்தான செயலால், 10 சதவீதம் ஆபத்தான இயந்திரத்தாலோ சூழலாலோ, மீதி 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை. இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் இந்த 88ஐ ஏதோ இயற்கை விதி மாதிரி திரையில் காட்டுகிறார்கள், நானே காட்டியிருக்கிறேன். அவர் புரட்டியவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலைக்காரர்கள் வைத்திருந்த பதிவுகளும். அதாவது, என்னைப் போன்ற சூப்பர்வைசர்கள் நிரப்பிய கட்டங்கள். நாங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் நாங்கள் எழுதியதுதானே விடையாக வரும்?

இதற்கு நேர் எதிரான ஒரு கதை இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நடந்தது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போதே திடீரென்று சக்கரத்தை மடக்கிக்கொண்டு வயிற்றால் படுத்துவிடும். எதிரி சுடவில்லை, இன்ஜின் கோளாறு இல்லை. விமானியின் பிழை என்று எழுதி மூடிக்கொண்டிருந்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் காக்பிட்டையும் பார்த்தார். இறங்கிய பிறகு இறக்கையின் ஃபிளாப்பை மடக்க வேண்டும். அந்த ஃபிளாப் சுவிட்ச்சும் சக்கரத்துக்கான சுவிட்ச்சும் பக்கத்தில் பக்கத்தில், பார்க்க ஒரே மாதிரி. களைத்துப்போய் இறங்கியவர் தடவிப் பார்த்து ஒன்றைத் தட்டுகிறார், அவ்வளவுதான். அந்த இரண்டும் வேறு மாதிரி அமைந்திருந்த சரக்கு விமானங்களில் இந்தப் பிழை வரவில்லை, அங்கேயும் அதே மாதிரி விமானிகள்தான். சப்பானிஸ் சொன்ன தீர்வு, சக்கரத்துக்கான பிடியில் சின்னதாக ஒரு ரப்பர் சக்கரத்தையும் ஃபிளாப் பிடியில் ஆப்பு வடிவம் ஒன்றையும் மாட்டுவது. கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு நீங்கள் ஏறுகிற பயணிகள் விமானத்திலும் சக்கரத்தை இறக்கும் பிடியின் முனை சக்கர வடிவத்தில்தான் இருக்கும், விதியே அப்படித்தான்.

அந்த விமானிகளுக்கு "கவனமாக இறங்குவது எப்படி" என்று பத்து வகுப்பு எடுத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது பிரஸ்ஸுக்கே திரும்புகிறேன், எனக்குத் தெரிந்த இடம் அதுதான். விரலைக் காப்பாற்ற முதலில் வந்தது இரட்டைப் பட்டன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் ஸ்ட்ரோக் இறங்கும், ஆகவே கை இரண்டும் வெளியே. நல்ல யோசனை. ஆனால் பீஸ் ரேட்டில், அதாவது எண்ணிக்கைக்குக் கூலி என்று, வேலை செய்பவருக்கு ஒரு பட்டனை அமுக்கிய நிலையிலேயே சிக்க வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம். குச்சியைச் செருகுவார்கள், ரப்பர் பேண்டால் கட்டுவார்கள், சில இடத்தில் முழங்கையாலேயே ஒன்றை அமுக்கிவிட்டு விரலால் இன்னொன்றை அமுக்குவார்கள். இதைப் பார்த்து "பார்த்தீர்களா, ஆட்கள் திருந்த மாட்டார்கள்" என்று சொல்வது ஒரு வழி. பட்டனை மாற்றுவது இன்னொரு வழி. இன்றைய தரநிலைப்படி இரண்டு பட்டனும் அரை நொடிக்குள் சேர்ந்து அமுங்க வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அமுக்க வேண்டும், ஒரே கையின் விரலும் முழங்கையும் எட்டாத தூரத்தில் இரண்டும் இருக்க வேண்டும். குச்சி செருகினால் மெஷின் ஓடாது. தரநிலைப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கிற இந்த அரை நொடிக்குப் பின்னால் எத்தனை ரப்பர் பேண்டுகள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் லைட் கர்ட்டன். டைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை, கை குறுக்கே போனால் பிரஸ் நிற்கும். இதை எவ்வளவு தூரத்தில் வைப்பது? மனிதக் கை எவ்வளவு வேகத்தில் நீளும் என்று அளந்து பார்த்து, நொடிக்கு 1.6 மீட்டர் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் (கிட்டத்தில் வைக்கும்போது 2 மீட்டர்). உங்கள் பிரஸ் சிக்னல் வந்த பிறகு முழுதாக நிற்கக் கால் நொடி எடுக்கிறது என்று வையுங்கள். அதற்குள் கை 40 சென்டிமீட்டர் போய்விடும், கிட்டத்தட்ட ஒரு முழம். ஆகவே திரை டையிலிருந்து குறைந்தது ஒரு முழமாவது தள்ளி இருக்க வேண்டும், அதோடு ஒளிக்கதிர்களுக்கு இடையே விரல் நுழைவதற்கும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், விரல் போன பிறகு மெஷின் நிற்கும். இன்னொன்று, பிரேக் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும், திரை மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கும். நிற்கும் நேரத்தை அவ்வப்போது அளக்காத இடத்தில் அது அலங்காரப் பொருள்.

இதைவிட மோசமான ஒன்றைப் பல சிறு யூனிட்களில் பார்த்திருக்கிறேன். நான் சொன்ன சாவி கிளட்ச் பிரஸ் இருக்கிறதே, அதில் சாவி ஒருமுறை பிடித்துவிட்டால் ஃப்ளைவீல் முழுச் சுற்று சுற்றி முடிக்கும்வரை பிரம்மாவே வந்தாலும் நிறுத்த முடியாது. அந்த மெஷினில் லைட் கர்ட்டன் மாட்டி, ஆடிட்டுக்கு வருபவர் கையை நீட்ட, பச்சை விளக்கு சிவப்பாக மாற, எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். விளக்குதான் மாறியது, இறங்கிக்கொண்டிருக்கும் பஞ்ச் எங்கே நிற்கும்? அங்கே தேவை, நடுவிலேயே நிறுத்தக்கூடிய ஏர் கிளட்ச்சுக்கு மாற்றுவது, அல்லது கையே நுழைய முடியாத அளவுக்கு டையை மூடிவிட்டு ஸ்லைடில் பீஸைத் தள்ளுவது. ஸ்லைடு ஒன்றும் பெரிய செலவில்லை, டூல் ரூமில் ஒரு வார வேலை.

இதெல்லாம் தெரிந்த விஷயம் என்றால் ஏன் இன்னும் விரல் போகிறது என்று கேட்பீர்கள். ஹரியானாவின் மானேசர், குருகிராம், ஃபரிதாபாத் பக்கம் கார், பைக் உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் காயப்பட்டவர்களை 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு தேடிப்போய்ப் பேசி 2019 முதல் அறிக்கைகள் வெளியிடுகிறது. நசுங்கும் காயங்களில் பெரும்பங்கு பவர் பிரஸ்ஸில், விரல் இழந்தவர்களுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 2 விரல், பலருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வந்திருக்கிறது. அவர்கள் செய்தது ஆய்வகம் இல்லாத ஆராய்ச்சி, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணியது. எண்ணியதோடு விடாமல், இந்த விரல் யாருடைய வண்டிக்கான பாகத்தில் போனது என்று தேடி மேலே இருக்கும் பெரிய கம்பெனி வரைக்கும் கேள்வியைக் கொண்டுபோனார்கள். பாகம் செய்து கொடுக்கும் வரிசையில் மூன்றாம் கட்டத்தில் இருக்கும் வெண்டரிடம் நடந்த விபத்து அதுவரை எந்தப் பெரிய கம்பெனியின் கணக்கிலும் வந்ததில்லை. என்னைக் கேட்டால், இந்தியாவில் சமீபத்தில் நடந்த நல்ல பாதுகாப்புப் புதுமைகளில் இதுவும் ஒன்று. இதில் ஒரு சென்சார்கூட இல்லை.

தீர்வு கையில் இருந்தும் ஆள் கெடுவது புதுசு இல்லை. தீக்குச்சியின் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் எங்கே உரசினாலும் எரிகிற தீக்குச்சிக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் போட்டார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்கு முதலில் பல்வலி வரும், பிறகு தாடை எலும்பு உள்ளேயே செத்து அழுகும், சீழ் வடியும், தாடையை அறுத்து எடுப்பதுதான் வைத்தியம். இதற்கு மாற்று ரொம்பச் சீக்கிரமே கிடைத்துவிட்டது. 1844இல் ஸ்வீடனில் குஸ்டாஃப் எரிக் பாஷ், விஷமில்லாத சிவப்புப் பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் உரசுகிற பட்டையில் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1850களில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் சரிப்படுத்தி விற்கவும் ஆரம்பித்தார்கள். லண்டனின் 'பிரையன்ட் அண்ட் மே' நிறுவனம் பிரிட்டனில் அதைச் செய்யும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தது. அதே நிறுவனம் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியையும் பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தது, ஏனென்றால் அது மலிவு, ஜனங்களும் எங்கே வேண்டுமானாலும் உரசிப் பழகியிருந்தார்கள். 1888இல் அங்கே வேலை செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1898இல், தாடை நோய் வந்தவர்களை அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக அந்த நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது.

அதே 1898இல் பிரான்சில் செவேன், காஹன் என்ற இருவர் இன்னொரு பாஸ்பரஸ் சேர்மத்தைக் கண்டுபிடித்தார்கள், எங்கே உரசினாலும் எரியும், தாடையை அழிக்காது. இதற்கு மேல் சாக்கு சொல்ல வழியில்லை. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. அமெரிக்காவில் அந்தச் சேர்மத்தின் காப்புரிமை டைமண்ட் தீப்பெட்டி நிறுவனத்திடம் இருந்தது, அதிபர் டாஃப்ட் கேட்டுக்கொண்டதும் 1911இல் அதை எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த வருஷமே விஷக்குச்சிக்கு வாங்க முடியாத அளவுக்கு வரி போட்டார்கள், உற்பத்தி நின்றது. 1844இலிருந்து எண்ணினால் அறுபது வருஷத்துக்கு மேல். கண்டுபிடித்தது ஒருத்தர், ஆனால் பயன்பட வைத்தது வேலைநிறுத்தமும் சட்டமும் காப்புரிமையைத் திறந்துவிட்டதும்.

இதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் 1913இல் வந்தது. சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து தீப்பெட்டி ஆரம்பித்தது 1920களில். ஆகவே நம் ஊர்த் தீப்பெட்டிக்கு வேறு எத்தனையோ துயரங்கள் இருந்தாலும், குழந்தைகளின் விரல்கள் உட்பட, தாடை அழுகும் நோய் மட்டும் நம்மிடம் வராமலே போனது. ஸ்வீடனில் ஒரு பேராசிரியர் செய்த வேலையால் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் யாருக்கு எது வராமல் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தத் துறையின் கஷ்டமே அதுதான், ஜெயித்ததைக் கணக்குக் காட்ட முடியாது.

அடுத்தது வெயில், இப்போது நம் பக்கம் அவசரமாக வேண்டிய ஆராய்ச்சி இதுதான் என்பேன். வெயிலில் வேலை ஆபத்தா என்று வெறும் வெப்பமானியை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் உடம்பு குளிர்வது வேர்வை காய்வதால். கடற்கரையில் 35 டிகிரியில் வேர்வை எளிதில் காயாது, உள்நாட்டு வறண்ட காற்றில் 40 டிகிரியிலும் காயும். அமெரிக்க மரைன் படைப் பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வெயிலில் விழுந்துகொண்டே இருந்ததால், யாக்லூ, மினார்ட் இருவரும் 1957இல் ஒரு கூட்டு அளவை வெளியிட்டார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், நேர் வெயிலை உறிஞ்சும் கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10. இன்றைக்கும் உலகம் முழுக்க வேலையிட வெப்பத்துக்கு இதுதான் அளவுகோல்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் இந்த அளவுகோலோடு தமிழ்நாட்டின் உப்பளங்களுக்குப் போனார்கள், 2017 முதல் 2020 வரை, 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம். பத்தில் ஒன்பது பேர் அந்தக் கடுமையான வேலைக்கு ஏற்ற வெப்ப வரம்பைத் தாண்டிய இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே இருந்து ஒரு வெயில், வெள்ளை உப்பிலிருந்து எதிரடிக்கும் இன்னொரு வெயில், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கழிப்பறையும் கிடையாது, அதனால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். "தண்ணீர் குடியுங்கள்" என்று போஸ்டர் ஒட்டினால் என்ன ஆகும் சொல்லுங்கள்? அங்கே சிறுநீரகத்தைக் காப்பாற்றும் கருவிகளில் முதலாவது கழிப்பறை.

மத்திய அமெரிக்காவில் இதே மாதிரிச் சிறுநீரக நோய் கரும்பு வெட்டுபவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. எல் சால்வடாரில் 2002இல் மருத்துவர்கள் எழுதினார்கள்: சர்க்கரை நோய் இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, இளவயது ஆண்கள், சிறுநீரகம் மட்டும் போய்விட்டது. பூச்சிமருந்து, கன உலோகம் என்று பல சந்தேகங்கள் இருந்தன, இப்போதும் விவாதம் முழுசாக முடியவில்லை. ஆனால் வாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும் சில தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் என்று ஒரு திட்டத்தைச் செய்து அளந்தார்கள். தூக்கிப் போகும் கூடாரம், முதுகில் தண்ணீர்ப் பை, மணிக்கணக்குப்படி கட்டாய ஓய்வு. டன் கணக்கில் கூலி வாங்குபவர் ஓய்வெடுக்கச் சொன்னால் எடுப்பாரா என்பதுதான் எல்லாருக்கும் சந்தேகம். எல் சால்வடாரில் ஓய்வு கொடுத்த பிறகு ஆள் ஒன்றுக்கு வெட்டிய கரும்பு குறையவில்லை, கூடியது. முதலாளிகளிடம் பேசும்போது நான் சிறுநீரகத்தை விட்டுவிட்டு இந்த ஒரு வரியைத்தான் முதலில் சொல்வேன், அதுதான் காதில் விழும்.

மற்ற சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாதாளச் சாக்கடையில் இறங்கும் வேலைக்குத் திருவனந்தபுரத்து இளைஞர்கள் செய்த 'பாண்டிகூட்' ரோபோவைக் கும்பகோணம் வாங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யும் செப்டிக் டேங்குக்கு ஒரு கருவி செய்தது. நல்ல விஷயங்கள். ஆனாலும் கான்ட்ராக்டர் ஒருவர் ராத்திரி ஒரு ஆளைக் கயிறு கட்டி இறக்குவது ரோபோ இல்லாததால் மட்டும் இல்லை, ஆள் மலிவு என்பதால். ஒன்றை மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் நின்னுடுச்சு, இறங்கலாம்" என்பதுதான் சாவுக்கு முந்தின வார்த்தை. முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அப்படித்தான் போகிறார்கள்.

ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்களுக்கு 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி உட்கார இருக்கை கட்டாயம் என்றது. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. அதுவும் புதுமைதான், அதன் பெயர் ஸ்டூல்.

ஏ.ஐ. கேமரா, கையில் கட்டும் பட்டை பற்றியும் நிச்சயம் கேட்பீர்கள், இந்த மாதிரிப் போட்டிகளில் பாதிக்கு மேல் அதுதான் வரும். எனக்கு விரோதம் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தில் ஆள் வந்தால் வண்டியைத் தானாகவே நிற்க வைக்கும் கேமரா நல்ல கேமரா. ஹெல்மெட் போடாதவன் முகத்தைப் பிடித்து சம்பளத்தில் பிடிக்கும் கேமரா என்றால் அது என் பழைய கட்டத்தை கம்ப்யூட்டரில் நிரப்புகிறது, அவ்வளவுதான். அப்படி ஒன்று மாட்டினால் சின்ன விபத்துகளையும் நூலிழையில் தப்பியவற்றையும் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் 1976இல் விமானத் துறையில் தப்பிய சம்பவங்களைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு செய்தபோது, தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் அதைக் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்தார்கள். சொன்னவர் பெயர் நீக்கப்படும். அதனால்தான் விமானிகள் எழுதினார்கள், இன்னும் எழுதுகிறார்கள்.

உங்கள் போட்டிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கடந்த மூன்று வருஷத்து விபத்துப் பதிவேட்டை வாங்கி, கவனக்குறைவு, அலட்சியம், விதி மீறல் என்று எழுதியிருப்பவற்றை மட்டும் தனியாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த மெஷின் பக்கத்தில் போய் ஒரு ஷிஃப்ட் நில்லுங்கள், முடிந்தால் இரவு ஷிஃப்ட். ஆபரேட்டர்கள் தாங்களாகவே என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், துணி சுற்றிய கைப்பிடி, வளைத்த கம்பி, ஒட்டுப் போட்ட ஸ்டூல். அது ஒவ்வொன்றும் மெஷினைச் செய்தவர் யோசிக்காமல் விட்ட இடம். அதை விதிமீறல் என்று பிடுங்கிவிடாதீர்கள், வரைபடம் போட்டு டூல் ரூமுக்குக் கொண்டுபோங்கள். பரிசு வந்தால் அதைச் செய்தவர் பெயரில் வாங்குங்கள்.

எங்கள் ஷாப்பில் அந்தப் பிரஸ்ஸுக்கு அப்புறம் ஸ்லைடு போட்டோம். அதற்கு முன்னாலேயே, பக்கத்து மெஷின்காரர் ஒருவர் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு குச்சி முனையில் கட்டி, தகடை அதால்தான் எடுத்துக்கொண்டிருந்தார். கை உள்ளே போகவே போகாது. விபத்துக்கு ஆறு மாசத்துக்கு முன்னால், நேரம் வீணாகிறது என்று அந்தக் குச்சியை அவரிடமிருந்து வாங்கி ஸ்கிராப் தொட்டியில் போட்டது நான்தான்.